மயக்கம் போடாத இளவரசி

காஜா பெராங், மலாக்கா
10-3-1957, ஞாயிறு

அன்புள்ள ராஜா மாமாவுக்கும் கோகிலா மாமிக்கும் சுந்தரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் துணிக்கடையில் நின்று நின்று கால் வலி. அம்மா தினமும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறார். பினாங்கில் மழை விட்டதா? மாமியின் தையல் மெஷின் சரியாகிவிட்டதா?

மாமா, உங்கள் பத்திரிகையின் 'சிறுவர் முற்றம்' வந்தவுடன் முதலில் நான்தான் பிரிக்கிறேன். உங்கள் 'வாழைத்தோப்புக் காட்டேரி' தொடர் ஒன்பது வாரம் முடிந்துவிட்டது. இளவரசிக்கு என் பெயரையே வைத்தீர்கள். முதல் வாரம் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது ஏன் சொன்னேன் என்று இருக்கிறது.

ஒன்பது வாரத்தில் இளவரசி சுந்தரி ஏழு தடவை மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள். எண்ணிப் பாருங்கள். மற்ற இரண்டு வாரம் தலை சீவினாள். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் சிவகாமசுந்தரி என்று கூப்பிடுவதில்லை. "ஏய் மயக்கம், தண்ணி வேணுமா?" என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அதை யாரும் பேசுவதில்லை.

தயவு செய்து அவளை எழுப்பி உட்கார வையுங்கள்.

உங்கள் மருமகள்,
சுந்தரி


பினாங்கு
20-3-1957

செல்ல மருமகளுக்கு மாமா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். மழை விட்டது, மெஷின் ஓடுகிறது, மாமி உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.

உன் கடிதத்தை அச்சுக்கூடத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அச்சுக் கோக்கும் தேவதாஸுக்கு எழுத்தெல்லாம் தட்டோடு கொட்டிவிட்டது. ஏழு தடவையா விழுந்தாள்? பகல் முழுக்க அடுத்தவன் எழுதியதில் பிழை பார்க்கிறவன் நான். என் கதையில் இதைப் பார்க்கவில்லை!

ஆனால் கண்ணு, காட்டேரி வந்தால் இளவரசி வேறென்ன செய்வாள்? ரத்தம் குடிக்க வந்தவளிடம் காப்பி வேண்டுமா என்றா கேட்பாள்? அவள் விழுந்தால்தானே வீரசிம்மன் குதிரையில் வர முடியும்? உன் பெயரை வைத்தது ஆசையால். கேலி செய்கிறவர்களிடம், இந்த மலாயாவிலேயே நீளமான கூந்தல் எனக்குத்தான் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா


காஜா பெராங்
14-4-1957

அன்புள்ள மாமா, மாமி,

புத்தாண்டு வணக்கம். இன்று வேப்பம்பூ பச்சடி செய்தோம். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மாமா, என் கூந்தல் தோளுக்குக் கீழே நாலு விரல்கூட இல்லை.

செட்டிக் கம்பத்து மீனாச்சியை உங்களுக்குத் தெரியும், போன தீபாவளிக்கு வந்தபோது உங்களுக்குப் புளூடா கேக் கொண்டுவந்து கொடுத்தவள். மலாக்காச் செட்டிகள் தலைமுறையாக வீட்டில் மலாய்தான் பேசுகிறார்கள், அவளுக்குத் தமிழ் தெரியாது, கோயிலில் சொல்லும் நாலு வார்த்தை தவிர. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் கதையை நான் மலாயில் சொல்கிறேன். அவள் "கெனாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்படியென்றால் ஏன் என்று அர்த்தம். கதையில் காட்டேரி என்று நீங்கள் எழுதுவதை அவள் பொந்தியானாக் என்கிறாள். அவள் வீட்டில் சொல்லும் கதையில் பொந்தியானாக் பிள்ளை பெறும்போது செத்துப்போனவள். அந்தக் குழந்தையைத் தேடித்தான் வாழை மரத்தில் உட்கார்ந்து அழுகிறாளாம். அதனால்தான் மீனாச்சிக்குக் காட்டேரி மேல்தான் பாவமாக இருக்கிறது.

"பேய்க்குக்கூட ஒரு கதை இருக்கு. இந்த இளவரசிக்கு என்னா இருக்கு? சீப்புதான் இருக்கு" என்றாள். நான் உங்களை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவள் சொன்னது சரி. இளவரசிக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அவளுக்குச் சிநேகிதி இல்லை. அவள் எதையும் படிப்பதில்லை. காட்டேரி அவள் ரத்தத்தைக் குடித்தால் எனக்கு அழுகை வராது போலிருக்கிறது. என் பெயர் வைத்தும் வராது.

கோபம் வேண்டாம்.

சுந்தரி


பினாங்கு
9-5-1957

அன்பு சுந்தரிக்கு,

சுகம். மாமிக்கு லேசாகச் சளி.

கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. நான் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து எழுதுகிற கதை இது. ஆசிரியரிடம் உன் கருத்தைச் சொன்னேன். "பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதுறோம். ஆழமா குழி தோண்டாதே. நாயகி அழகா இருந்தா போதும், பேய் பயங்கரமா இருந்தா போதும்" என்றார். இளவரசியின் கூந்தலைப் புகழ்ந்து ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பெண்பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் என் மேசையில் கிடக்கின்றன. உனக்கும் மீனாச்சிக்கும் மட்டும்தான் அவளைப் பிடிக்கவில்லை.

கதை இப்படியே போகும். நீ பரீட்சைக்குப் படி. வருஷக் கடைசியில் தேறினால் பெரிய பள்ளிக்கூடம்.

மாமா


காஜா பெராங்
22-6-1957

அன்புத் தம்பி ராஜாவுக்கு அக்கா பாக்கியலட்சுமி எழுதிக்கொண்டது. நீயும் கோகிலாவும் நல்லபடி இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

நல்ல சேதி. உன் மருமகள் சுந்தரி இந்த மாதம் ஆறாம் தேதி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி வீட்டோடு முடித்துக்கொண்டோம். ஊர் கூட்டிச் செய்யும் சடங்கை ஆடி கழியட்டும் என்று அத்தான் தள்ளி வைத்திருக்கிறார். ஆவணியில், செப்டம்பர் 8 ஞாயிறு, நல்ல நாள்.

அவளுக்கு மாமன் என்று இருப்பவன் நீ ஒருத்தன். மாமன் சீர் இல்லாமல் சடங்கு இல்லை. தண்ணீர் ஊற்றியதும் மாமன் கொண்டுவரும் உடுப்பைத்தான் பிள்ளை முதலில் போடவேண்டும், உனக்குத் தெரியாததல்ல. பட்டு என்ன நிறம் என்பது உன் இஷ்டம். செமாபோக்கில் இருக்கும் நாத்தனார் பொன்னம்மா இப்போதே நிறம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


பினாங்கு
30-6-1957

என் தங்க மருமகளுக்கு,

அம்மாவின் கடிதம் கிடைத்தது. மாமியும் நானும் இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தோம். நன்றாக இரு, கண்ணு.

போன தடவை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அதற்கா இத்தனை நாள் பேசவில்லை? இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் எழுதுவது நன்றாக இல்லை. இளவரசி இதற்குள் இன்னும் ஐந்து தடவை விழுந்துவிட்டாள், எனக்கே அலுப்பாக இருக்கிறது. உன்னோடு படிக்கிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

மாமா


காஜா பெராங்
17-7-1957, புதன், காலை மணி பத்து

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். அம்மா சுகம். அப்பா சுகம். உளுந்தங்களி சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குக் கன்னம் உப்பிவிட்டது.

உங்கள் மேல் கோபம் இல்லை மாமா. உங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இளவரசியைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் ஏன் தலை சீவுகிறாள் என்று இப்போது தெரிகிறது. தலை சீவினால் கொஞ்ச நேரம் போகும்.

அவள் அறைக்கு நீங்கள் ஒரு ஜன்னல் வைத்தீர்கள். அதில் எத்தனை கம்பி என்று எழுதவில்லை. பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏழு மணிக்குப் பிள்ளைகள் அந்தப் பக்கமாகப் போவார்கள், ஒரு மணிக்குத் திரும்பி வருவார்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. சும்மா சாத்தித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவள் போகமாட்டாள். போனால் அரசருக்கு மரியாதை இல்லை என்று அரசரின் அக்கா சொல்வார்.

வகுப்புப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். கேட்டு எழுதுகிறேன்.

மீனாச்சி சாயந்திரம் வருவாள். அவள் இன்னும் கெனாப்பா என்றுதான் கேட்கிறாள்.

சுந்தரி


பினாங்கு
22-7-1957

அன்பு அக்காவுக்குத் தம்பி ராஜா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம்.

சுந்தரியின் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு எழுதியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் வகுப்பில் அல்லவா இருக்கவேண்டும்? பதினாறு நாள் முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறதே. கணக்கு, வாத்தியார், பரீட்சை என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் எழுதியதெல்லாம் என் இளவரசியைப் பற்றி. எனக்கு என்னவோ அது இளவரசி இல்லை என்று படுகிறது.

நேராகவே கேட்கிறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா, நிறுத்திவிட்டீர்களா?

இன்னொன்று. சீருக்குப் பாவாடை சட்டையைக் கோகிலா தன் கையால் தைப்பாள். அளவு அனுப்பு.

தம்பி ராஜா


காஜா பெராங்
3-8-1957

தம்பி ராஜாவுக்கு,

எல்லாரும் சுகம். அளவு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நிறுத்தியாகிவிட்டது. ஜாலான் பெண்டஹாரா கடைவீதி வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். வயது வந்த பிள்ளை தினமும் அத்தனை கடைக்காரர் முன்னால் போய் வருவதா என்று நாத்தனார் கேட்டார். அவர்கள் எல்லாரும் அத்தானோடு வேலை பார்ப்பவர்கள், பழகியவர்கள். அத்தான் ஒரு ராத்திரி யோசித்தார், காலையில் வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். பயப்படுகிறவர்.

நானும் நாலாவதோடு நின்றவள்தான். கடிதம் எழுத வருகிறதே, போதாதா? வீட்டில் ஒரு குறையும் இல்லை. சுந்தரி அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சொன்னதைச் செய்கிறாள். அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இதைப் பற்றி மறுபடி எழுதாதே. உன் கடிதங்களை அத்தான்தான் பிரிக்கிறார். சீர் கொண்டுவருவது உன் உரிமை. அதில் யாரும் தலையிட முடியாது, அத்தானும் முடியாது.

அக்கா


பினாங்கு
10-8-1957

அன்பு சுந்தரிக்கு,

சுகம். இது அஞ்சலட்டை, இடம் குறைவு.

நீயும் மீனாச்சியும் சொன்னதுதான் சரி. அவளுக்கு அழகைத் தவிர நான் எதையும் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் படிப்பதுதானே என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆசிரியரிடம் இரண்டு வாரம் மட்டும் என் இஷ்டப்படி விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். காட்டேரி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். வீரசிம்மனைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிட்டேன், வரமாட்டான். இளவரசி என்ன செய்ய வேண்டும்? நீயே சொல்.

மாமா


காஜா பெராங்
16-8-1957

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

சுகம். வீரசிம்மனுக்குக் காய்ச்சல் என்று சொன்னதும் மீனாச்சி கை தட்டினாள். அவனுக்கு உடம்பு சரியாக வேண்டாம், மெதுவாக ஆகட்டும்.

மாமா, முதலில் அவள் சீப்பைக் கீழே வைக்கட்டும். பயம் இருக்கவேண்டும், ஆனால் விழக்கூடாது. ஜன்னலுக்குப் போய், "உன் பேர் என்ன?" என்று கேட்கட்டும். இதுவரை காட்டேரியிடம் யாருமே அதைக் கேட்டதில்லை. நீங்களும் பெயர் வைக்கவில்லை. அவள் பெயர் சொன்னதும், "ஏன் அழுகிறாய்?" என்று கேட்கட்டும். இது மீனாச்சியின் கேள்வி. காட்டேரி தன் குழந்தையைத் தேடுகிறேன் என்பாள். "வா, தேடலாம். எனக்கு எண்ணத் தெரியும், வழியெல்லாம் குறித்து வைத்துக்கொள்வேன்" என்று இளவரசி சொல்லவேண்டும். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரட்டும்.

அரசர் என்ன சொல்வார் என்பதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கெட்டவராக எழுதவேண்டாம்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குப் பண்டார் ஹிலிர் திடலில் அணிவகுத்துப் போக எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தினமும் பழகுகிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் மேளம் கேட்கிறது. எனக்கும் போக ஆசை மாமா. பள்ளிக்கூடத்துக்குப் போகவும் ரொம்ப ஆசை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மீனாச்சி தபாலில் போடுகிறாள்.

சுந்தரி


காஜா பெராங்
15-9-1957, ஞாயிறு, மாலை

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரயிலில் இடம் கிடைத்ததா? நீங்கள் சடங்கு முடிந்த அன்றே கிளம்பிவிட்டீர்கள். மாப்பிள்ளையும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லையே என்று அம்மாவுக்குக் கவலையாக இருந்தது. கவலை வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கூடத்தில் ஆம்பிளைகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, ஈரத்தோடு மனையில் நிற்கிறேன். பொன்னம்மா அத்தைதான் உங்கள் சீர்த்தட்டின் துணியை விலக்கினார். பழம், பூ, வளையல், அதற்கு மேல் மடித்து வைத்த நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தலைக்கு நீல ரிப்பன். எல்லாப் பொம்பளைகளும் எட்டிப் பார்த்தார்கள். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

"என்னாடி இது, பள்ளிக்கூட உடுப்பு! மூள கொழம்பிப் போச்சா ஒன் தம்பிக்கு?" என்றார் அத்தை. பிறகு கீழே கையை விட்டு அரக்குப் பட்டை இழுத்தார். "இந்தா பட்டு இருக்குல்ல. இதப் போட்டு அனுப்பு."

வெளியே அப்பா, "நல்ல நேரம் பத்து நிமிஷந்தான் இருக்கு" என்று குரல் கொடுத்தார். அம்மா அத்தையின் கையிலிருந்து பட்டை மெதுவாக வாங்கித் தட்டிலேயே வைத்தார்.

"அண்ணி, மாமன் சீருல மேல எது இருக்கோ அதான் மொத உடுப்பு. தள்ளக் கூடாது" என்றார்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். எம் பொறந்த வீட்டுச் சீரு."

அம்மா அத்தையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சட்டைக்கு ஒவ்வொரு பொத்தானாக அவரே போட்டுவிட்டார். நான் மாலையும் ரிப்பனுமாகக் கூடத்துக்கு வந்ததை நீங்களே பார்த்தீர்கள். படம் பிடிக்க வந்தவர், "பாப்பா, சடங்கு எப்ப?" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

நீங்கள் போனபின் அம்மா அப்பாவிடம், "மொத உடுப்பப் பெட்டியில பூட்டி வச்சா புள்ளைக்கு ஆகாதுங்க. போட்டுப் பழசாக்கணும்" என்றார். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று அப்புறம் அம்மாவிடம் கேட்டேன். "இப்ப இருக்கு" என்றார்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். பாவாடை ஓரத்தை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது எந்தக் கடைத் துணி? ரெண்டு தண்ணியில வெளுத்துப் போயிடும். துணி பாத்து வாங்கத் தெரியல ஒன் மாமனுக்கு" என்றார். மறுநாள் சாயந்திரம் கடையிலிருந்து நல்ல நீலத்துணி எடுத்து வந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார். வாரத்துக்கு ஒரு உடுப்பு போதாது, மாற்றுக்கு ஒன்று வேண்டும் என்றார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன் மாமா. சந்தோஷத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை அம்மா என்னை நடத்திக் கூட்டிப் போனார். கடைவீதியில் அப்பாவின் சிநேகிதர்கள் எல்லாரும், "என்னா பாப்பா, ரொம்ப நாளாக் காணோம்?" என்றுதான் கேட்டார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விட்ட பாடமெல்லாம் எழுதியாக வேண்டும். கணக்கில் இரண்டாவதாகிவிட்டேன், ஒரு மாதத்தில் பிடித்துவிடுவேன்.

கதையையும் படித்தேன். காட்டேரிக்கு மல்லிகா என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அரசரை வாசலில் விளக்கோடு நிற்க வைத்தது அதைவிடப் பிடித்திருக்கிறது. மீனாச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போனாள். ஆசிரியர் உங்களைத் திட்டினாரா?

அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பள்ளிக்கூட வாசலில் என்னை விட்டுவிட்டு, அழாமல் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

உங்கள் மருமகள்,
சிவகாமசுந்தரி, ஆறாம் வகுப்பு

ராஜா, அக்கா எழுதுகிறேன். இவள் ஒட்டும்முன் வாங்கிப் படித்துவிட்டேன். பிழை பார்ப்பது உன் வேலை என்றாலும் ஒன்றை நான் திருத்துகிறேன். அழாமல் போனேன் என்று எழுதியிருக்கிறாள். இவள் உள்ளே போகிறவரைக்கும்தான் சிரித்தேன். பிறகு அந்த வாசலிலேயே நின்று, மணி அடித்து வகுப்புத் தொடங்கும்வரை அழுதேன். என் சடங்குக்குச் சீர் எடுத்து வந்த மாமன் பட்டு மட்டும்தான் கொண்டுவந்தார்.